கதவைத் திறக்க விடாதேயும் என்று ஜெபித்த இரவு

சபையில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. மைக்கைப் பிடித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை. இரவு பத்தே முக்கால் இருக்கும். என் கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். மகள் ஜெனி முதியோர் இல்லத்தில் தாதித் தொழில் பயில்கிறாள். அவள் வேலை முடிந்து வருகிற நேரம் என்று சோற்றைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். கீழே, கார்கள் நிறுத்துகிற பக்கம் மூன்று வெடி கேட்டது. கொஞ்ச இடைவெளி. பிறகு இரண்டு.

ஜெர்மனியில் புதுவருடத்துக்கு ஒரு மாதம் முன்பே பட்டாசு கொளுத்துகிறவர்கள் உண்டு. இது அதுவல்ல. நான் இலங்கையில், போர் நடந்த வன்னியில் வளர்ந்தவள். பட்டாசுக்கும் துவக்குச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் அடங்குவதற்குள் நான் சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தேன்.

நாங்கள் இருப்பது பான் நகரின் ஓரத்தில், ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில். வாடகை குறைவு என்று போன இடம். "அக்கா, அந்தப் பக்கம் சரியில்லையாம்" என்று சபையில் எத்தனையோ பேர் சொன்னார்கள். நானும் குடிபோன நாளிலிருந்து அந்த இடத்தை எடைபோட்டபடியேதான் இருந்தேன். பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடி உடைந்திருந்தால் அன்று முழுக்க மனம் சரியிராது. எல்லாவற்றையும் விட, அதே மாடியின் எதிர்வீட்டில் இருக்கும் ஊவே என்பவர். கழுத்து வரை பச்சை குத்தியவர். கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். கையில் எந்நேரமும் பியர்ப் போத்தல். லிஃப்டில் அவர் நின்றால் நான் ஐந்து மாடியும் படியால் ஏறுவேன். "ஆண்டவரே, இந்த மனுஷனை இங்கிருந்து கிளப்பிவிடும்" என்று ஆறு மாதம் ஜெபித்தேன். சொல்ல வெட்கம்தான், அதற்கு உபவாசமும் இருந்தேன்.

அன்று இரவு நான் ஊரில் செய்ததையே செய்தேன். முதலில் விளக்குகளை அணைத்தேன். போனின் வெளிச்சம் யன்னலில் தெரியும் என்று, சத்தத்தை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தேன். வாசற்கதவை இரண்டு சுற்றுப் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டேன். குளியலறைக்கு மட்டும்தான் யன்னல் இல்லை. தவழ்ந்துபோய் அதற்குள் கிடந்தேன். பொலிசை அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பின்னால் சீருடை வந்தால், வீட்டில் ஓர் ஆள் குறையும். என் அண்ணை அப்படித்தான் போனார்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் எனக்கு மகளின் நினைவு வந்தது. பெற்ற தாய் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனால் சாட்சியில் பொய் சொல்ல முடியாது.

அவள் இப்போது பஸ்ஸால் இறங்கி அந்தக் கார்களுக்கு நடுவேதான் நடந்து வருவாள். போனை எடுக்கலாம் என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்து வாசற்கதவின் பூட்டில் எதுவோ உரசியது. யாரோ வெளியிலிருந்து திறக்கப் பார்க்கிறார்கள். ஒரு தரம். இரண்டு தரம். பிறகு கதவை மெதுவாகத் தள்ளுவது கேட்டது.

குளியலறையைப் பூட்டிக்கொண்டு, துவாயை வாயில் அடைத்துக்கொண்டு ஜெபித்தேன். "இயேசுவே, அந்தக் கதவைத் திறக்க விடாதேயும். என் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவாரும். கதவைத் திறக்க விடாதேயும்." வேறு வார்த்தை வரவில்லை. உரசல் நின்றது. ஸ்தோத்திரம் சொன்னேன்! அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. என் பிள்ளை கீழே இரத்தத்தில் கிடக்கிறாள் என்றே நினைத்தேன். நீர் இருக்கிறீரா என்றுகூட ஆண்டவரைக் கேட்டுவிட்டேன். நாற்பது நிமிடம்.

பிறகு கதவில் பலமாகத் தட்டினார்கள். "பொலிட்சாய்!" என்று ஜெர்மன் மொழியில் பொலிஸார் கத்தினார்கள். நான் அசையவில்லை. அதற்குப் பின்னால்தான் அந்தக் குரல் கேட்டது.

"அம்மா! நான்தான். பயப்பிடாதேங்கோ, கதவைத் துறவுங்கோ!"

எப்படி எழுந்தேன், எப்படித் திறந்தேன் என்று தெரியாது. ஜெனி முழுசாக நின்றாள். பக்கத்தில் இரண்டு பொலிஸார். பின்னால் ஊவே, நாயைப் பிடித்தபடி.

நடந்தது இதுதான். பூட்டை உரசியது என் மகளின் சாவி. உள்ளே சாவி நின்றால் வெளிச்சாவி நுழையாது. அவளால் கத்தவும் முடியவில்லை, மணியடிக்கவும் முடியவில்லை. சுட்டவன் அவளுக்குப் பின்னாலேயே எங்கள் கட்டடத்துக்குள் ஓடிவந்து, கீழே படியடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் கதவோடு வாயை வைத்து "அம்மா, அம்மா" என்று முணுமுணுத்திருக்கிறாள். என் போனுக்குப் பதினான்கு தடவை எடுத்திருக்கிறாள். கடைசியில் எதிர்க்கதவு திறந்தது. ஊவே ஒரு வார்த்தையும் பேசாமல் அவளை உள்ளே இழுத்து, நாயை வாசலில் படுக்க வைத்து, பொலிசை அழைத்திருக்கிறார். சுட்டவனை நிலவறையில் பிடித்தார்கள்.

மறுநாள் மீன் கட்லட் பொரித்துக்கொண்டு போய் அவருடைய மணியை அடித்தேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் சங்கடப்பட்டு, கட்லட்டில் ஒன்றை நாய்க்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

நாங்கள் வீடு மாறவில்லை. இப்போது அவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், வேறு மாதிரி.

உள்ளே கிடந்து நான் என்ன ஜெபித்தேன் என்பதை மட்டும் மகளிடம் மறைத்து வைத்திருந்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் நேற்று இதை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்:

"அம்மா, நான் வெளியில நிண்டு கதவு துறக்கோணும் எண்டு ஜெபிச்சனான். நீங்கள் உள்ளுக்க இருந்து துறக்கக்கூடாது எண்டு ஜெபிச்சிருக்கிறியள். ஆண்டவரும் பாவம், என்ன செய்யிறது? அதுதான் எதிர்க்கதவைத் துறந்தவர்."

இதை வாசிக்கிற சகோதரமே, உங்களுக்கும் ஓர் இருட்டு வரும். அப்போது என்ன கேட்பதென்று தெரியாமல் பிழையாகக் கேட்டுவிடுவீர்கள். பரவாயில்லை, கேளுங்கள். நான் என் சொந்தப் பிள்ளைக்கு எதிராகவே ஜெபித்தவள். அவர் என் வார்த்தையைத் தள்ளிவிட்டு, என் பிள்ளையைத் தந்தார்.