அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர்

போன மாதம் ஓர் இராணுவ அதிகாரி என் சிங்களத்தைப் பாராட்டினார். "எங்கே படித்தீர்கள்? எங்கள் ஆட்களைவிட நன்றாகப் பேசுகிறீர்களே!" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்... ஆனால் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தைரியம் வராது.

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு போன் ரிப்பேர் கடை. அங்கே வேலை செய்தவன் தினேஷ். என் பழைய போனுக்குப் பல தடவை உயிர் கொடுத்தவன். "சார், இத மியூசியத்துல குடுத்துருங்க" என்று ஒவ்வொரு தடவையும் கிண்டல் செய்வான். செய்துவிட்டு, சரியாக்கியும் தருவான். ஊர் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறார். இவன் மஹய்யாவயில் எங்கள் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

ஒருநாள், டிஸ்ப்ளே மாற்றச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன போன் ஒன்று அவன் மேசையில் இருந்தது. அந்த யாரோவைத் தேடிப் படையினர் வந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. போன் கிடைத்தது. போனுக்குப் பக்கத்தில் தினேஷ் கிடைத்தான்.

கொண்டுபோய்விட்டார்கள்.

வழக்கு இல்லை. குற்றப்பத்திரிகை இல்லை. தடுப்புக்காவல் உத்தரவு என்று ஒன்று இருக்கிறது — மூன்று மாதம். அது முடியும்போது இன்னொரு கையெழுத்து, இன்னொரு மூன்று மாதம். திருடினவனுக்குக்கூட இத்தனை வருஷம் என்று ஒரு முடிவு சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்து மூச்சு விடலாம். தினேஷின் அம்மா எதைப் பார்ப்பது?

எங்கள் தெருவில் இதற்கு ஒரே வசனம்தான். "சும்மாவா புடிப்பாங்க?" சலூனில், கோயிலில், பஸ் ஸ்டாண்டில்... எங்கே பேச்சு எழுந்தாலும் இதுதான். எவ்வளவு வசதியான வசனம் பாருங்கள்! சொல்லிவிட்டால் கையைத் தட்டிவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விடலாம். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயர் புஷ்பம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"மாசம் ஒருக்கா பாக்க விடுறாங்க சார். ஆனா சிங்களத்துலதான் பேசணுமாம். தமிழ்ல பேசுனா அவங்களுக்கு வெளங்காதாம். போன தடவ அவன் என் மொகத்தப் பாத்தான், நான் அவன் மொகத்தப் பாத்தேன். நேரம் முடிஞ்சிருச்சுன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வந்தா பேசலாங்கிறாங்க."

"கடை முதலாளியைக் கேட்டீங்களா?"

"அவரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு. தினேஷ்தான் முந்தி சொல்லுவான்... நீங்க பேப்பர்ல பயப்படாம எழுதுற ஆளுன்னு."

பயப்படாமல்! குப்பை லாரி வராததைப் பற்றி எழுதியிருக்கிறேன். பஸ் கண்டக்டர்களின் வாய்க்கொழுப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். அரச அலுவலகங்களில் தமிழில் பலகை இல்லாததை வாரக்கணக்கில் விளாசியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு போனில் கூப்பிட்டுப் பாராட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அப்பேர்ப்பட்ட வீரன் வாசலில் நிற்கும் ஒரு தாயிடம் எப்படி முடியாது என்பான்? சரி என்றேன். உள்ளேயிருந்து மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போறதுன்னா போங்க. வாய மட்டும் பாத்துக்கங்க."

முகாம் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையைப் பார்த்து என் முகவரியை எழுதிக்கொண்டார்கள். உள்ளே ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் தினேஷ், இந்தப் பக்கம் புஷ்பம் அக்கா. ஓரத்தில் அதிகாரி. நடுவில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். "தண்ணீர் குடிக்கிறீர்களா மஹத்தயா?" என்று ஐயா போட்டெல்லாம் கேட்டார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மா பேசுவதும் தமிழ், மகன் பேசுவதும் தமிழ். அம்மா கேட்பது மகனுக்கு நேராகவே விளங்குகிறது. அதை நான் சிங்களத்தில் சொல்வது அதிகாரிக்காக. மகன் சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டும். அதை அம்மாவுக்குத் தமிழில் நான் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை சொல்வதை ஒரு தாய் மூன்றாம் மனிதன் வாயால் கேட்க வேண்டும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது. கூரைத் தகரம் மாற்றியாயிற்று. மழை பலம். பிறகு, முகத்தைத் துடைப்பதற்காக தினேஷ் கையை மேசைக்கு மேலே எடுத்தான்.

வலது கை. விரல்கள் வீங்கி, நகமெல்லாம் கறுத்திருந்தன. கடுகு அளவு ஸ்க்ரூவை எடுத்துப் பூட்டுகிற விரல்கள் அவை.

"கையில என்னடா? யாருடா அடிச்சா?" என்றார் புஷ்பம் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அவர் அதட்டவில்லை. முறைக்கவில்லை. என்னைப் பொய் சொல்லச் சொல்லவும் இல்லை. கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அப்படியே சிங்களத்தில் சொல்ல நாலைந்து சொல் போதும். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்.

"நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார்" என்றேன்.

தினேஷ் என்னைப் பார்த்தான். அம்மா கேட்டதும் அவனுக்குக் கேட்டது, நான் மாற்றியதும் கேட்டது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான். பிறகு, "நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றான் சிங்களத்தில்.

இப்போது அம்மாவிடம் நான் என்ன சொல்வது? அவர் கேட்டது விரலைப் பற்றி.

"கதவுல மாட்டிக்கிச்சாம் அக்கா" என்றேன்.

தினேஷ் அதற்கும் தலையாட்டினான். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் ஆட்டியிருப்பான். உள்ளே அடைபட்டுக் கிடக்கிறவன், வெளியே திரிகிற என்னைக் காப்பாற்றினான்!

அதற்குப் பிறகுதான் அந்தப் பாராட்டு. எங்கே படித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் புஷ்பம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்டிக்குக் கிட்ட வந்தபோது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"கதவுன்னு அவன் சொல்லலயே சார்."

சிங்களக் கடையில் சாமான் வாங்கிப் பழகியவர். சரளமாகப் பேச வராது, அவ்வளவுதான். 'கேம' என்றால் சாப்பாடு என்று கூடவா தெரியாது? எனக்கு அது தோன்றவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"பரவால்ல சார்" என்றார். "நீங்களும் வீட்டுக்குப் போகணும்ல."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், முகவரியை எழுதிக்கொண்டார்கள், அப்படியே சொல்லியிருந்தால் தினேஷுக்குத்தானே இன்னும் அடி விழும்... எல்லாக் காரணமும் கையில் தயார். கடைசிக் காரணம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் தினேஷை நினைக்கவே இல்லை. என் முகவரியை மட்டும்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. எழுதினாலாவது குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

உரிமைகள் பறிபோகின்றன என்று கூட்டங்களில் பேசுகிறோமே — பறிக்கிறவன் துப்பாக்கியோடு வருவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. அங்கே இருந்தது ஒரு தாயின் கேள்வி. அது அதிகாரியின் காதில் விழுந்திருந்தால் அவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பொய்யாவது சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்தைக்கூட நான் அவருக்கு வைக்கவில்லை. அவருக்காக நானே பொய் சொல்லிக் கொடுத்தேன்... இரண்டு மொழியிலும், பிழையில்லாமல்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? நல்லதாகவே செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முந்தாநாள் புஷ்பம் அக்கா மறுபடியும் போன் பண்ணினார். "வர்ற புதன் பாக்க விடுறாங்க சார். வருவீங்களா?"

போவது என்றுதான் இருந்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று தீர்மானமே எடுத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"காய்ச்சல் அக்கா" என்றேன்.

காய்ச்சல் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

புஷ்பம் அக்கா உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"ஒடம்பப் பாத்துக்கங்க சார். அவசரமில்ல, அடுத்த மாசம் போவோம். அவன் எங்க போயிறப் போறான்?"