போயிட்டு வாங்க, தாத்தா

இது கட்டுக்கதை இல்லை. அல்சூரில், ஏரிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய வீட்டில், போன ஆவணியில் நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். சஹானாவிடம் மட்டும் போய்க் கேட்டுத் தொலைக்காதீர்கள். அவள் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள்.

சஹானாவுக்கு இருபத்து நாலு வயது. ஐ.டி. வேலை. அப்பா அம்மா போன பிறகு அவளையும் அண்ணன் அபினவையும் வளர்த்தவர் தாத்தா ஆராவமுதன். அபினவ் வேலைக்காக ஊர்க் கோடியில் இருக்கிற சந்தாபுராவில் குடியேறியதும் வீட்டில் தாத்தாவும் பேத்தியும்தான். யார் யாருக்குச் செல்லம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேனேஜர் திட்டினாலும் சரி, காதல் முறிந்தாலும் சரி, முதலில் தாத்தா காதுக்குத்தான் போகும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "அந்தப் பையன் வேஷ்டி கட்டினா இடுப்புல நிக்காதுடி, விட்டுத் தள்ளு" என்று ஒரே வரியில் அழுகையை நிறுத்திவிடுவார்.

தினமும் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன் தாத்தா" என்பாள். "போயிட்டு வா கொழந்தே" என்பார். அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது.

அந்தத் தாத்தா செத்துப்போனார். பாடையைத் தூக்குகிற நேரம். பழக்கதோஷம்... அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போயிட்டு வாங்க தாத்தா."

அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். அத்தை ஜகதாம்பாள் அவள் கையைக் கிள்ளினாள். "சாவு வீட்டுல அப்படிச் சொல்லப்படாதுடி! யார் காதுல விழும்னு தெரியாது."

பதிமூன்றாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அபினவும் கிளம்பினான். சஹானா வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மாலை ஆறு பத்து. வாசலில் ஒரு செருமல்.

தாத்தாவின் செருமல்.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. திரும்பினால்... கூடத்தில் பிரம்பு நாற்காலி கிறீச்சென்றது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

பயந்து ஓட வேண்டியவள் என்ன செய்தாள் தெரியுமா? சமையலறைக்குள் போய்க் காபி கலந்தாள். சந்தோஷத்தில் சர்க்கரையை இரண்டு தரம் போட்டாள். நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பினாள். டம்ளர் காலி.

இருட்டியதும் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. கிளம்புகிறார். "போயிட்டு வாங்க தாத்தா" என்றாள்.

மறுநாளும் செருமல். அதற்கடுத்த நாளும்... அபினவ் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. சாயங்காலத்துக்காக மட்டும் உயிரோடு இருந்தாள்.

ஒரு நாள் டம்ளரைக் கழுவ எடுத்தாள். விளிம்பில் ஈரம். உதட்டுத் தடம்.

தாத்தா ஒரு நாளும் எச்சில் பண்ணிக் குடித்தவர் இல்லை. கொதிக்கிற காபியாக இருந்தாலும் தூக்கித்தான் குடிப்பார்.

தளர்ந்து போயிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள்... நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"சஹானா..."

தாத்தா குரல்தான். ஆனால் பேர் சொல்லி...

"சஹானா. கிளம்பு."

"எங்க தாத்தா?"

"வா. யார்கிட்டயும் சொல்லிக்காதே."

அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. கால் மட்டும் நடந்தது.

செருப்பு மாட்டினாள்.

கிறீச்...

கழுத்துக்குப் பின்னால் மூச்சு.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே அபினவ் நின்றான்.

அவன் மேலேயே சரிந்தாள். "ஏனாய்த்தம்மா?" என்று கன்னடத்தில் பதறிக்கொண்டு எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி ஓடிவந்து, இருவரையும் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். அங்கே உட்கார்ந்து சஹானா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க அபினவின் முகம் வெளிறிப் போயிற்று.

"என்கிட்டயும் வந்தார்" என்றான்.

"யாரு?"

"தாத்தா. தினம் சாயங்காலம். என் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நிப்பார். உள்ள வர மாட்டார். 'கதவத் திறக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லு'ம்பார். அவ்வளவுதான். இன்னிக்கு மத்தியானமே வந்துட்டார்... அழுதார். அதான் சில்க் போர்டு ட்ராஃபிக்ல விழுந்து எழுந்து ஓடி வந்தேன்."

"அண்ணா, ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ போனையே எடுக்கலை. எடுத்திருந்தாலும்... தாத்தா என்கிட்ட வரார், உன்கிட்ட வரலைன்னு எப்படிடி சொல்வேன்? நீ தாங்குவியா?"

அப்படியானால் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தது யார்? இன்றுவரை தெரியாது.

சஹானா அதைக் கேட்கவும் இல்லை. வேறொன்று கேட்டாள்.

"உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?"

அபினவ் தலையைக் குனிந்துகொண்டான். "தாகமா இருக்குன்னார். பயத்துல நான் கிட்டயே போகலை."

அப்போதுதான் சஹானா வாய்விட்டு அழுதாள்.