எழுபத்தொன்பதுக்குப் பிறகு

என் தங்கைக்குக் கண் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்து அவள் செய்த முதல் குற்றம் அதுதான்.

அவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது நாற்பது. கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கான்வாஸ். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றபடியே அந்தக் கோடியில் எவள் கோட்டை மிதித்தாள் என்று சொல்லிவிடுவாள். நான் அவளுக்கு இரண்டு வயது மூத்தவள். துணி ஆலையில் குறை பார்க்கிற வேலை எனக்கு. அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூல், எண்ணெய்க் கறை, பொத்தல், எது பட்டாலும் ஓட்டத்தை நிறுத்திச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. அதைப் போய் வலது கண் மைனஸ் ஏழு, இடது கண் மைனஸ் ஒன்பது உள்ளவளிடம் கொடுத்திருக்கிறார்கள். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் எங்கள் அக்காதான் என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் யாராவது சொல்லுங்கள், வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஆறு வயதில் கண்ணாடி வந்தது. அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு நான் சோடாபுட்டி. அவள் எந்நேரமும் குதித்துக்கொண்டே இருந்ததால் நான் அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தேன். பாருங்கள், வசவில்கூட எனக்குக் கிடைத்தது உடைகிற சாமான், அவளுக்குக் கிடைத்தது துள்ளுகிற ஜீவன்.

வீட்டில் விளையாட்டுச் சாமானுக்குக் குறைவில்லை. சக்கரம் வைத்த ஷூ ஒரு ஜோடி, இடுப்பில் சுற்றுகிற வளையம் ஒன்று, மரப்பிடி போட்ட ஸ்கிப்பிங் கயிறு ஒன்று. எல்லாம் இரண்டு பேருக்கும் பொது என்று பேச்சு. ஆனால் நான் ஒன்றைத் தொட்டால் போதும், அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள், கண்ணாடி போயிடும் என்று. சக்கர ஷூ சரி, விழுந்தால் உடையும். கயிறும் சரி. இடுப்பில் சுற்றுகிற வளையத்துக்கும் மூக்கில் உட்கார்ந்திருக்கிற கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் வாயாடாதே என்பாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா ஒரு குதிகோல் வாங்கி வந்தார். நெஞ்சு உயரத்துக்குச் சிவப்புக் கம்பி, மேலே பிடித்துக்கொள்ளக் குறுக்குப்பிடி, கீழே கால் வைக்க இரண்டு கட்டை, உள்ளே கெட்டியான ஸ்பிரிங். ஏறி நின்று அழுத்தினால் ஆளையே தூக்கிப் போடும். பார்த்ததுமே இதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, தங்கையை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் ஏறினேன். மூன்றாவது குதியில் கண்ணாடி கழன்று பறந்தது. நான்காவது குதியில் கோல் அதன்மேலேயே இறங்கியது. புதுக் கண்ணாடி வர பதினைந்து நாள் ஆயிற்று. அந்தப் பதினைந்து நாளும் வகுப்பில் கரும்பலகை வெறும் கறுப்பாகவே இருந்தது. அத்தோடு அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள், நான் அந்தக் கோலைத் தொடக்கூடாது.

அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கால் தரையில் படாமல் யார் நூறு குதிக்கிறாளோ அவளுக்கே கோல் சொந்தம். யார் என்ன யார்? இருந்த ஒரே போட்டியாளர் அவள்தான். என்னைச் சும்மா உட்கார வைக்கக்கூடாது என்று எண்ணுகிற வேலையைக் கொடுத்தார். அக்கா சொல்றதுதான் கணக்கு என்று அவளிடம் கண்டிப்பாகவும் சொன்னார். வீட்டு வாசலில் கீழ்ப்படியில் நான் உட்கார வேண்டும், அவள் என் முன்னால் குதிக்க வேண்டும். ரெட்டைச் சடையும் பாவாடையும் பறக்க அவள் மேலே போய் மேலே போய் வருவாள். அதை நான் ஒன்று, இரண்டு என்று வாழ்த்துப் பாட வேண்டும். வயிறு எரிந்தது. அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

அப்போதுதான் அதைச் செய்தேன். எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். அடுத்து எழுபது என்றேன். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஏழு வயதுக் கழுதை, மூச்சு வாங்க வாங்கக் குதித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. மறுபடி எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. அன்றிலிருந்து அவள் எழுபதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பத்தைத் தின்றேன். தேவைப்பட்டால் இரண்டு பத்து. அவள் நூறைத் தொடவேயில்லை. தொடவில்லை என்கிற வெறியில் இன்னும் இன்னும் குதித்தாள். ஒரு நாள் சாயங்காலம் உண்மையில் நூற்றுப் பதினாறு குதித்தாள். நான் தொண்ணூற்றாறு என்றேன். அப்பா வேலையிலிருந்து வந்ததும், இன்னும் நாலுதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவள் தலையைத் தட்டினார். அந்த வாரமே ஸ்பிரிங் உடைந்துபோயிற்று. அவள் இரண்டு நாள் அழுதாள். நூற்றுப் பதினாறு என்கிற எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவரிடம்கூட.

இப்போது யோசித்தால், அவளை விளையாட்டு டீச்சர் ஆக்கியதே நான்தான். நூறு போதும் என்று நின்றிருக்க வேண்டியவளை நூற்றுப் பதினாறு வரைக்கும் விரட்டியது என் வயிற்றெரிச்சல். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இரண்டு மாதத்துக்கு முன் அவள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்குப் பெரியவர்கள் ஏறுகிற குதிகோல் ஒன்று வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் ஏறிப் பார்க்கலாமாம், கண்ணாடிக்குப் பின்னால் பட்டை வைத்துக் கட்டிவிடுவாளாம். பட்டை வைத்துக் கட்ட நான் என்ன மூட்டையா என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மேஜைமேல் துணி ஓடினால் எனக்குக் கோல்தான் தெரிந்தது. நூறு. அவள் எதிரில், அவள் எண்ண, நான் ஒரு நூறு குதிக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் கான்டாக்ட் லென்ஸ் போடக் கிளம்பிவிட்டேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். கையைக் கழுவச் சொன்னாள், பஞ்சு ஒட்டாத துணியில் துடைக்கச் சொன்னாள், விரல் நுனியில் அந்த ஈரத் துணுக்கை வைத்தாள். கிண்ணம் மாதிரி நின்றால் சரி, விளிம்பு வெளியே விரிந்தால் திருப்பிப் போட வேண்டும். மேல் இமையை ஒரு கை, கீழ் இமையை ஒரு கை, பார்வை நேரே. சொல்வது சுலபம். விரல் கிட்டே வந்ததும் என் கண் கதவைச் சாத்திக்கொண்டது. முக்கால் மணி நேரம். லென்ஸ் கன்னத்தில் ஒட்டியது, மேஜையில் விழுந்தது, ஒரு தடவை என் சட்டைக்குள் போயிற்று. அந்தப் பெண், பரவாயில்லை மேடம், சிலருக்கு லேட் ஆகும் என்றாள். சிலருக்கு என்றதும் என் தங்கை முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த முயற்சியில் லென்ஸ் உள்ளே போய்விட்டது.

தலையைத் தூக்கி முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். என் கண் இவ்வளவு பெரிதா? முப்பத்தாறு வருஷமாக ஒரு புட்டியின் அடியில் கிடந்து சுருங்கித் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்து, யாருக்காக இந்த அலங்காரம் என்று கேட்டார். குதிக்க என்றேன். அதற்குமேல் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூக்கின்மேல் இல்லாத கண்ணாடியை நாளைக்கு ஐம்பது தடவை மேலே தள்ளினேன். முகம் கழுவுமுன் கழற்றப் போய்க் காதைத்தான் பிடித்தேன். நான்காம் நாள் வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், ஒரு பிசிறில்லாத சுருளில் பதினொரு சிவப்புச் சீட்டு ஒட்டினேன். மேஸ்திரி சுருளைத் திருப்பிக் கொண்டுவந்து விரித்துப் போட்டு, குறை எங்கே என்று பொறுமையாகக் கேட்டார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒட்டிய சீட்டை நானே உரித்தெடுத்தேன். இன்னொரு கூத்து, முன்பெல்லாம் பொடி நூலைப் பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிவேன், பளிச்சென்று தெரியும். லென்ஸை எங்கே ஏற்றுவது? கடைசியில் அந்தக் கடைப் பெண் கிட்டப் பார்வைக்கு என்று ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தாள். கண்ணாடியை ஒழிக்கப் போட்ட லென்ஸுக்கு மேலே ஒரு கண்ணாடி. என் ராசி அப்படி.

என்னோடு வேலை செய்கிறவளின் பெண்ணுக்கு என்று பொய் சொல்லித் தங்கையிடமிருந்து கோலை வாங்கி வந்தேன். எதற்கு, ஏன் என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் ஆலைக்குப் பின்னால் வண்டி வந்து நிற்கிற சிமெண்டுத் தரையில் பழகினேன். முதல் வாரம் ஏழு, எட்டு. முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. மூன்றாவது வாரம் நாற்பது. ஐந்தாவது வாரம் எண்பத்தெட்டு. லென்ஸ் கண்ணைவிட்டு இம்மி அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மைதானத்தில் யாருமில்லை, அவள் மட்டும் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். லென்ஸ் போட்டால் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவளும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாள். ஏற்கெனவே போதாதா? என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கோலைப் பார்த்தாள். கண்ணாடி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கூடைப்பந்துத் தளத்து ஓரப் படியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏறுக்கா. நான் எண்ணுறேன்."

ஏறினேன். ஒன்று, இரண்டு என்று தெளிவாகச் சொன்னாள், பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில். பழக்க தோஷம், நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே குதித்தேன். முப்பதில் மூச்சு வாங்கியது. ஐம்பதில் தொடை நடுங்கியது. எழுபதில், இனி விழமாட்டேன் என்று தோன்றிவிட்டது. எழுபத்தெட்டு என்றாள். எழுபத்தொன்பது என்றாள்.

"எழுபது" என்றாள்.

தவறிப்போய்ச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். குதித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பில்லை, கோபமில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு குரலில் ஒரு பிசிறு இல்லாமல் எண்ணினாள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. நான் மனசுக்குள் நூறு என்ற அதே நேரம், அவள் எண்பத்தொன்பதை முடித்துவிட்டு மறுபடியும் எண்பது என்றாள். என் நூறு அப்படித்தான் வந்தது, யாரும் சொல்லாமல். அவள் தொண்ணூற்றாறு வரைக்கும் போய் விசிலை ஊதினாள்.

இறங்கினேன். கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு கொறச்சல்" என்றாள்.

"எப்படிடீ தெரியும்?"

"நானும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் குதிச்சேன். நூத்திப் பதினாறு."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

கூம்பு ஒன்றை எடுத்துக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா கோல் எனக்குன்னு ஆயிருக்கும். அப்புறம் நீ வாசலுக்கே வந்திருக்க மாட்ட. எனக்குத் தனியா குதிக்கப் பிடிக்காதுக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பத்து மூன்று வருஷம் நான் மூடி மூடி வைத்திருந்ததை இவள் முதல் நாளிலிருந்தே தெரிந்துவைத்திருக்கிறாள். தெரிந்தும் இரண்டு நாள் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அழுததிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குதிப்பதில் ஜெயித்தாள் சரி, பெருந்தன்மையிலும் இவளேதான் ஜெயிக்க வேண்டுமா? வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கோலை அவளிடம் நீட்டினேன். "ஏறு தவளை" என்றேன்.

அவள் உட்கார்ந்திருந்த அதே படியில் போய் உட்கார்ந்தேன். அவள் ஏறினாள். ஏழு வயதில் எப்படிப் போனாளோ அப்படியே மேலே போனாள், பாவி. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, நெற்றி வியர்வை, காதோரத்து நரை, ஷூவில் அவிழ்ந்து தொங்கிய நாடா. எண்ணினேன். அறுபது தாண்டியது. எழுபது தாண்டியது. எழுபத்தெட்டு என்றேன். எழுபத்தொன்பது என்றேன். குதித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"எண்பது" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிற்கவில்லை. நூறில் நிற்பாள் என்று பார்த்தேன், நிற்கவில்லை. இருநூற்று நான்கு குதித்துவிட்டுத்தான் இறங்கினாள். நாற்பது வயதில் இருநூற்று நான்கு. வயிறு எரிந்தது. ஆனால் ஒன்றுகூடக் குறைக்காமல் எண்ணினேன்.