பர்மனென்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன மாதம் அக்காவிடமிருந்து போன். "பர்மனென்ட்டுக்கு முடியலடா. அடியில மெத்துனு ஆயிடுச்சி. வா."

பதற வேண்டாம். பர்மனென்ட் என்பது ஆள் அல்ல... முள்செடி.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கடைசிவரை கான்ட்ராக்ட் தொழிலாளி. யாரோ ஒரு அதிகாரி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது விட்டுப்போன செடியை சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். "நம்ம வூட்டுல இவன் ஒருத்தன்தான் பர்மனென்ட்" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு அப்பா போய்ச் சேர்ந்தார்.

மந்தாரக்குப்பம் வாடகை வீட்டு வாசலில், துருப்பிடித்த பெயின்ட் டின்னில் ஆள் உயரத்துக்கு நின்றது செடி. அடியில் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

என்ன செடி இது? இத்தனை வருடம் கூடவே இருந்தவனின் ஜாதகம் எங்களில் யாருக்கும் தெரியாது. காடாம்புலியூர் நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"லேசா கீறிப் பாருங்க. பால் வந்தா கள்ளி. வரலன்னா, முள்ளுக்கு அடியில பஞ்சு ஒட்டினாப்ல இருக்குதா பாருங்க. இருந்தா கேக்டஸ்."

பால் இல்லை. பஞ்சு இருந்தது.

"அப்ப கேக்டஸ்தாங்க. மாசத்துக்கு ரெண்டு வாட்டி தண்ணி போதும். இப்டி அழுவுறாப்ல யாருங்க ஊத்துனது?"

அக்காவைப் பார்த்தேன். "தெனம் ஒரு சொம்பு ஊத்திகினு இருந்தேன்டா" என்றாள்.

"அறிவிருக்காக்கா உனக்கு? அப்பா எத்தினி வாட்டி சொன்னாரு, ஊத்தாதன்னு!"

"தண்ணி தண்ணின்னு கேட்டுகினேதான்டா போனாரு. டாக்டர் சொன்னாருன்னு ஒரு மூடிக்கு மேல நான் குடுக்கல. நீ இங்க இருந்தியா?"

இல்லை. கிட்னி போன அப்பாவுக்குத் தண்ணீரை அளந்து அளந்து கொடுத்தவள் அவள். நான் அப்போது வேறு மாநிலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நர்சரிக்காரர் வழி சொன்னார். அழுகலுக்கு மேலே, நல்ல சதை வரும்வரை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டை நிழலில் போட்டு, வெட்டுவாய் தோல் மாதிரி இறுகும்வரை காய விட வேண்டும். பிறகு காய்ந்த மணலில் நட வேண்டும். "பத்து நாளாவது ஆவுங்க. அவசரப்பட்டா மறுபடியும் அழுவிடும்."

மேலே மூன்றடி தேறியது. சாக்கில் கிடத்தினேன்.

பத்து நாள்! என்னைப் பற்றித்தான், வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியுமே. எட்டாம் வகுப்பையே முழுசாக உட்கார்ந்து முடிக்காதவன். அப்பா காரியத்துக்கே மூன்று நாள்தான் தங்கினேன்.

ஆறாம் நாள் லாரி ஷெட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "அண்ணே, பலாப்பழ லோடு ரெடி. வரீங்களா, வேற ஆளப் பாத்துக்கட்டா?"

வெட்டுவாயைத் தொட்டேன். விரலில் பிசுபிசுத்தது. மணலும் முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது.

"காஞ்சிடுச்சிக்கா" என்றேன். நட்டேன். கிளம்பும்போது விரலை நீட்டி எச்சரிக்கை வேறு... "ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. ஊத்தினா, நீதான் கொன்னேன்னு அர்த்தம்."

நேற்று போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள்.

"அப்பா மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலடா. ஆனாலும் அழுவிப்போச்சி. அன்னிக்கு நான் ஊத்துன தண்ணிதான்டா உள்ளயே இருந்திருக்கு."

"சரி, விடுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள்தான் எப்போதும் தப்பு செய்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் ஊற்றவும் மறுக்கவும் ஆள் அங்கே இருந்தாக வேண்டுமே. இல்லாதவன் கையில் ஈரமே படாது.

இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அக்கா இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பாள்.