கிரேஹெல்ம் கப்பலின் பொய் ஆணிகள்

ஜேபஸ் ஃபென்னிமோர் யாரையும் நம்பாத மனுஷன். விலாங்கு மீனை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ வாங்கினால் மேல்மாவைக் கிளறி உள்ளே மீன் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். “நான் போட்ட டீயையே மோந்து பார்த்துத்தான் குடிப்பாரு” என்று அவர் மனைவி கெஸையா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருக்கு ஏற்ற வேலைதான் வாய்த்திருந்தது. தேம்ஸ் கரையில் எங்கள் பட்டறை கடற்படைக்காக ‘கிரேஹெல்ம்’ என்ற இரும்புக் கவசக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தது. கவசத் தகட்டையும் அதன் பின்னாலிருந்த தேக்குப் பலகையையும் துளைத்துப் போகும் நீள ஆணிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஜேபஸின் வேலை. கப்பலின் வலப்பக்கத்தில் துளை போடுவது என் வேலை.

1866 மார்ச்சில் ஒருநாள், ஜேபஸ் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கப்பலின் இடப்பக்கத்தில் நின்று ஒரே ஆணியைத் திரும்பத் திரும்பத் தட்டினார்.

“சத்தம் உள்ள போகலைடா. தோலோட நின்னுடுது.”

மேஸ்திரி குரௌச்சரிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்தார். “உன் பேச்சைக் கேட்டா இந்தக் கப்பல் அடுத்த ராணி காலத்துலதான் தண்ணியில இறங்கும்.”

அந்தப் பக்கத்து ஆணிகளை இறக்கியது ஏமஸ் பில்பீமின் கூட்டம். ஏமஸ் கெஸையாவின் அண்ணன். ஒரு முழு ஆணியை இறக்க அரை மணி ஆகும். வெளியே ஒரு தலையும் உள்ளே ஒரு மரையும் பொருத்திவிட்டு நடுவில் ஒன்றுமில்லாமல் விட்டால் ஐந்து நிமிஷம் போதும், கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஏமஸ் ஏன் சீக்கிரமாக வேலை முடிக்கிறான், ஏன் மேஸ்திரியோடு பீர் குடிக்கிறான் என்று ஒரு வாரம் ஜேபஸ் அவனைக் கண்காணித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் சாப்பிட்டபோதும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு, கப்பலுக்குள் போய் மரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“அடிடா!”

அடித்தேன்.

“அடிச்சியா?”

“மூணு தரம் அடிச்சாச்சுய்யா!”

“கைக்கு ஒண்ணுமே வரலையே.”

ஜேபஸ் கூட்டி வந்த கடற்படை அதிகாரி முன்னால் நான் அதைத் துளைத்தேன். ஆணித் தலை கழன்று விழுந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பின்னால் தேக்கில் துளையே கிடையாது. அப்படி மொத்தம் பதினான்கு பொய் ஆணிகள் கிடைத்தன.

ஜேபஸ் எல்லார் முன்னாலும் ஏமஸைக் கைநீட்டிக் காட்டினார். அன்றே அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலைப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். அந்தப் பதினான்கும் இறங்கிய வாரத்தில் ஏமஸ் வேலைக்கே வரவில்லை, கையில் தீக்காயம். அப்போது ஜேபஸும் சூப் எடுத்துக்கொண்டு போய் அவனைப் பார்த்தவர்தான். கட்டுக்குள் காயம் உண்மையில் இருக்கிறதா என்று அன்றைக்கே சந்தேகப்பட்டாராம். ஆணிகளை வைத்தது மேஸ்திரி வெளியிலிருந்து கூட்டி வந்த ஆட்கள். விஷயம் வெளிவருவதற்குள் குரௌச்சர் ஊரைவிட்டே போய்விட்டார்.

ஜேபஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏமஸ் வீட்டு வாசலில் நின்றார்.

“சந்தேகப்பட்டது தப்பில்லை மச்சான், அது உன் வேலை. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றான் ஏமஸ். உள்ளே கூப்பிடவில்லை. அந்தக் கோடையில் குடும்பத்தோடு வடக்கே டைன் நதிப் பக்கம் போய்விட்டான்.

கெஸையா பல மாதம் கணவரோடு சிரித்துப் பேசவில்லை. ஜேபஸின் சந்தேகம் போகவில்லை. ஆனால் அதன்பிறகு சந்தேகம் வந்தால் நேராக அந்த ஆளிடமே போவார். “நீயா செஞ்சே?” என்பார். திட்டு வாங்குவார். அப்படியும் கேட்பார்.

ஐந்து வருஷம் கழித்துக் கெஸையாவோடு ரயிலேறி டைனுக்குப் போனார். ஏமஸ் நாற்காலி போட்டான், ரொட்டியும் இறைச்சியும் வைத்தான். சாப்பாட்டின் நடுவில் ஒன்று கேட்டான்.

“கப்பல் எப்படி இருக்கு?”

“மால்டா துறைமுகத்துல நிக்குது. நீ இறக்கின ஆணியில ஒண்ணுகூட அசையலை.”

ஏமஸ் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு இறைச்சியை அவர் தட்டில் வைத்தான். ஜேபஸ் அதை மோந்துகூடப் பார்க்காமல் அப்படியே எடுத்துச் சாப்பிட்டார் என்று கெஸையா சொன்னாள்.