அக்கா இறக்கி வைத்த பாரம்

எங்கள் அக்கா பொய் சொல்லமாட்டார். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் அவருக்குப் பட்டப்பெயரே சாட்சியக்காதான். அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றைக்கு எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். ஆரம்பத்தில் எனக்கும் அவரைப் பிடிக்கத்தான் செய்தது.

அக்காவுக்கு ரெடிமேட் துணிக்கடையில் விற்பனை வேலை. யாராவது ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "நல்லாயிருக்கா?" என்று கேட்டால், மற்றப் பெண்கள் எல்லாம் "உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அக்கா கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்.

"தோள்பட்டை தூக்கிக்கிட்டு நிக்குது. வயிறும் தெரியுது. நாலு தடவை துவைச்சா சாயம் போயிடும்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா தாயே, நீங்க பொய் சொல்லவே வேணாம். வாயை மூடிக்கிட்டு நிக்கலாம்ல?"

"கேட்டா சொல்லணும்ல முதலாளி?"

மனுஷன் அவரைத் துணி மடிக்கிற மேசைக்கு, கடையின் பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். வாடிக்கைக்காரர்களோ, "மூஞ்சிக்கு நேரா சொல்ற அந்தம்மா எங்க?" என்று தேடிக்கொண்டு பின்பக்கமே போக ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் திரும்பவும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

வீட்டிலும் இதே கூத்துதான். என் மூத்தார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஒருநாள் கைப்பேசியைக் காட்டி, "நான் இல்லைன்னு சொல்லு" என்று சைகை காட்டினார். அக்கா எடுத்து, "இருக்காருங்க. ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்றார். வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூத்தாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் தன் புதுவீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்க, "சமையலறை இருட்டா இருக்கு" என்று அக்கா சொல்லிவைக்க, அதோடு அந்த வீட்டுப் படி ஏறுவது நின்றது. அன்று அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதாலும் மாறவில்லை. ஆண்டவருக்கு உண்மையாக நடப்பது என்றால் அவருக்கு அதுதான். பிரசங்கத்தில் கேட்டதை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

இதனால் ஒன்று நடந்தது. சபையில் யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும், விசாரிக்க முதலில் வருவது அக்காவிடம்தான். அக்கா நல்ல பையன் என்றால் நல்ல பையன். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

என் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை பள்ளியில் பாட்டு வாத்தியார், சபையில் கீபோர்டு வாசிப்பவர். அப்பா நேரே துணிக்கடைக்கே போய் அக்காவைப் பிடித்தார்.

"உங்க கொழுந்தன்தான். இருந்தாலும் உங்களைத்தான் கேக்குறேன். உடம்புக்கு, மனசுக்கு ஏதாவது குறை உண்டா?"

"ஒரு குறையும் இல்லைங்க ஐயா" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அந்தம்மாவே சொல்லிட்டாங்க. இனி யாரையும் கேக்க வேண்டாம்" என்றார். கல்யாணம் முடிந்தது.

முடிந்த வாரமே, தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள். அந்த மாத்திரையை யாருக்குக் கொடுப்பார்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரோ ஒளிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. என் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆஸ்பத்திரியில வச்சிருந்தது, நான் கத்தினது, கட்டிப் போட்டது எல்லாத்தையும் உன்கிட்டச் சொல்லிட்டதா அண்ணி சொன்னாங்க. அவ்வளவையும் கேட்டுட்டு நீ சரின்னு சொன்னியாமே. அன்னைக்குத்தான் நான் மனுஷன் ஆனேன்."

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "தெரியும்" என்றேன்.

அவர் பள்ளிக்குப் போனதும் மாடிக்குப் போய் அக்காவைக் கிழி கிழி என்று கிழித்தேன். "எங்கப்பாவுக்கு ஒரு பொய், அவருக்கு ஒரு பொய். நல்லா இருப்பீங்களா நீங்க?" அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் வளத்த பிள்ளைம்மா அவன். உண்மையைச் சொன்னா எவளும் வரமாட்டா. எவளும் வரலைன்னா அவன் உயிரை விட்டுடுவான்" என்று அழுதார். மறைத்த பாவத்தோடு திருவிருந்து எடுக்கக்கூடாது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா அதை நிறுத்திவிட்டார். எல்லோரும் எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகும்போது, அவர் மட்டும் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பார். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று சபையார் அதையும் மெச்சினார்கள்.

என் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட மனுஷன். நான் கடையில் நின்று கால் வீங்கி வந்தால் வாளியில் வெந்நீர் வைத்திருப்பார். பாத்திரம் கழுவும்போது பாட்டில் என் பெயரைச் செருகிப் பாடி என்னை வெட்கப்படுத்துவார். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மனம் கொஞ்சம் கலங்குகிற நாட்களில், "நீ தெரிஞ்சேதானே என்னைக் கட்டிக்கிட்ட?" என்று கேட்பார். "ஆமா" என்பேன். அதைக் கேட்டதும் தெளிந்துவிடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரை பாதி என்றால் இந்த ஒரு வார்த்தை பாதி. மாடிக்குப் போய் அக்காவிடமும் சொல்லிவிட்டேன்: "மன்னிச்சாச்சு, விடுங்க. உங்க பொய்யால எனக்கு நல்ல புருஷன்தான் கிடைச்சிருக்காரு."

அக்காவால் விட முடியவில்லை. உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார், மறைத்து வைத்த பாவத்தைச் சபை முன்னால் அறிக்கையிட வேண்டும் என்று முழங்கிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை, நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்தார்.

"நாளைக்குச் சாட்சி நேரத்துல சொல்லப்போறேன்மா."

"எதை?"

"உங்கப்பாகிட்ட நான் சொன்ன பொய்யை."

"அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? நான்தான் மன்னிச்சிட்டேன்ல?"

"நீ மன்னிச்சிட்டே. ஆண்டவர்?"

"ஆண்டவர்கிட்ட அறைக்கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லுங்க. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். மைக் எதுக்கு?"

நான் வெங்காயக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க கொழுந்தனுக்கு இது தெரியாதுக்கா. நான் தெரிஞ்சே கட்டிக்கிட்டேன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. அந்த நம்பிக்கையிலதான் நிக்கிறாரு. அதைப் பிடுங்கிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"உண்மை அவனை ஒண்ணும் பண்ணாதும்மா. பொய்தான் பண்ணும்."

"எங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கக்கா."

"நினைச்சுத்தானே அன்னைக்குப் பொய் சொன்னேன்?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரரைச் சபைக்குப் போகவிடாமல் தலைவலி, காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் கீபோர்டுக்கு ஆள் கிடையாது.

எங்கள் சபையில் யாராவது சாட்சி சொல்லும்போது, பேச்சுக்கு அடியில் மெதுவாகக் கீபோர்டு வாசிப்பது வழக்கம். சொல்கிறவருக்கு அது ஒரு தைரியம். அக்கா மைக்கை வாங்கினார். என் வீட்டுக்காரர், தன் அண்ணியாயிற்றே என்று, இன்னும் குழைவாக வாசித்தார்.

"நான் ஒரு பாவி. என் கொழுந்தனுக்குச் சித்தம் கலங்கி ஆஸ்பத்திரியில வச்சிருந்ததை, பொண்ணு வீட்டுல மறைச்சிட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் தெரியாம வந்து கழுத்தை நீட்டினா. அவன்கிட்டயும், அவளுக்கு எல்லாம் தெரியும்னு பொய் சொன்னேன்."

கீபோர்டு நின்றது. சாட்சி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். போதகர் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார். பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையை ஒரு தாய் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தன் பாவத்தைச் சொல்கிறேன் என்று எழுந்தவர், இவ்வளவு பேர் முன்னால் சொன்னதெல்லாம் என் புருஷனுடைய வியாதி. என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அன்றைக்கு அக்கா திருவிருந்து எடுத்தார். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்து தோளைத் தொட்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும், அதில் அப்படி ஒரு தெளிவு. "பாரம் எறங்கிடுச்சும்மா" என்றார்.

"எறங்கலக்கா, எடம் மாறியிருக்கு" என்றேன். அக்காவுக்கு அது விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். மாடியில் அக்கா பாடிக்கொண்டே பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. ஏறிப்போய் அந்த வாயை அடைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"கல்யாணம் ஆன வாரம்."

"மாத்திரையைப் பாத்தா?"

"ஆமா."

"அன்னைக்கே போயிருக்கலாமே?"

"எங்க போறது? உங்களை விட்டுட்டு எங்கயும் போகத் தோணலை." இது சத்தியமான உண்மை. ஆனால் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா, என்னைக் கட்டியிருப்பியா?"

"கட்டியிருப்பேன்" என்றேன். நொடிகூடத் தயங்கவில்லை.

என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீ நல்லவ" என்றார். "அண்ணியும் நல்லவங்கதான்."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.