கால்குலேட்டருக்குள் இருந்த கிணறுகள்

போன வாரம் மேசை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு தடித்த கறுப்புப் பெட்டியை எடுத்து நீட்டி, "அப்பா, இது எந்த டிவியோட ரிமோட்?" என்று கேட்டாள். ரிமோட் இல்லை, கிராஃபிங் கால்குலேட்டர் என்றேன். பின்மூடியைத் திறந்தால் நான்கு பேட்டரிகளும் கசிந்து பச்சை பூத்துக் கிடந்தன. துருவும் காரமும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கேம்பல் பேயின் தகரக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. "இதுல பீரியாடிக் டேபிள் ஏத்துறதுக்கு நான் கப்பல்ல போர்ட் பிளேர் வரைக்கும் போயிருக்கேன், தெரியுமா?" என்றேன். அவள் தன் போனில் அரை நிமிடத்தில் ஒன்றை இறக்கிக் காட்டிவிட்டு, பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். மிச்சக் கதையை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சுனாமிக்கு மறு வருடம் அது. போர்ட் பிளேருக்குத் தெற்கே, கப்பலில் இரண்டு நாள் தள்ளி இருக்கும் கேம்பல் பேயில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. கூடம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ஒரு கொட்டகை, ஒரு மேசை, சொட்டு அளந்து விட ஒரு பியூரெட் குழாய், நான். கடல் உள்ளே வந்து போனதில் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்தன. பதினோரு கிணறுகளின் தண்ணீரை வாரம் ஒருமுறை சோதித்து உப்பு எவ்வளவு என்று குறிக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் நிறங்காட்டி கலந்து மஞ்சளாக்கிய கிணற்றுத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். அந்த மருந்து பட்ட விரல் கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் மசியாது. விடுப்பில் மெயின்லேண்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது கைகளைக் கைக்குட்டைக்குள் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். பையன் ரொம்ப அடக்கம் என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். இன்றுவரை என் மனைவி அந்த ஏமாற்றத்திலிருந்து மீளவில்லை.

நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு எஞ்சினியர் ஊர் திரும்பும்போது இந்தக் கால்குலேட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எண்களைப் பட்டியலாக உள்ளே போட்டால் கோடு வரைந்து காட்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பட்டியல், ஐந்து எழுத்துக்குள் ஒரு பெயர். எண்கள் வாராவாரம் இறங்குவதைத் திரையில் சரிவாகப் பார்க்கும்போது நானே உப்பை இறைத்து வெளியே கொட்டிய மாதிரி ஒரு பெருமை. அந்தப் பெருமையில் ரிஜிஸ்டரில் எழுதுவதை விட்டுவிட்டேன். மழைக்கு மை ஊறிவிடுகிறது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ஆறு மாத அளவுகளையும் கடைசியில் ஒரே அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். கடைசி எட்டு வாரமும் உப்பு அனுமதித்த எல்லைக்குள் இருந்தால் அந்தக் கிணற்றைச் சுத்தம் செய்து திறந்துவிடுவார்கள். ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் மண் போட்டு மூடிவிடுவார்கள்.

பத்துக் கிணறுகளுக்கு நானே போய்த் தண்ணீர் எடுத்து வருவேன். பதினோராவது கிணற்றின் தண்ணீர் தானாக வரும். அமிர்தம் அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பழைய ரம் பாட்டிலைக் கழுவி, அதில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அரசு கொடுத்த நிலத்தில் குடியேறியவர். அந்தக் கிணற்றைத் தன் கையால் வெட்டியவர். அலை அவரையும் வீட்டையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. கிணறு மட்டும் கிடந்தது. அக்கா தகரக் குடியிருப்பில் இருந்துகொண்டு அந்தக் கிணற்றுக்காகவே நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த ஹஃப்தா எறங்குச்சா?" என்று, தீவில் புழங்கும் இந்தி கலந்து, அந்த வார அளவைக் கேட்பார். எண்ணைச் சொல்வேன். "சத்தமா சொல்லு" என்பார். இன்னொரு தடவை சொல்வேன். அவர் அதை முணுமுணுத்துக்கொண்டே போவார். கடைசி இரண்டு மாதங்களில் இரண்டு திங்கட்கிழமைகளில் எண் இறங்காமல் ஏறி, எல்லையைத் தாண்டியது. அந்த இரண்டு நாளும் அவர் படியில் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இதற்கு நடுவில்தான் எனக்குக் கால்குலேட்டரில் வேதியியல் ஆப் ஏற்றும் ஆசை வந்தது. கொட்டகையில் இருந்த ஒரே புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல்லாகியிருந்தது. அணு எடை ஒன்று மறந்துபோனால் போர்ட் பிளேருக்குப் போன் போட்டு, லைன் கிடைக்காமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். இது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணமும் உண்டு. எஞ்சினியரைப் போல நானும் நாலு பேர் முன்னால் பட்டனைத் தட்டி அணு எடை சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அறிக்கைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூடத்துக்குச் சோதனை மருந்து வாங்கப் போர்ட் பிளேர் போனேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காதர் பாய் காலையில் இறக்கத் தொடங்கினார். மிகச் சின்ன ஃபைல்தான். ஆனால் லைன் பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. நான்கு டீ குடித்தேன். ஃபைல் வந்து சேர்ந்ததும் கேபிளைச் செருகினால், இதை ஏற்ற முதலில் கால்குலேட்டரின் அடிப்படைச் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும் என்றது திரை. ஃபீனிக்ஸ் பே துறையில் என் கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது.

காதர் பாய் திரையை என் பக்கம் திருப்பினார். "தம்பி, தேக் லோ, பாத்துக்கங்க. உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும்னு போட்டிருக்கு. வேற எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்கள்ல?"

"அதுல என்ன பாய் இருக்கு? ஏத்துங்க, ஜல்தி" என்றேன்.

உண்மையிலேயே மறந்துபோய்ச் சொன்னேனா, கப்பலை நினைத்துக்கொண்டு சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எஞ்சினியர் விட்டுப்போன இரண்டு விளையாட்டுகள்தான் போகும் என்று நினைத்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயினும் யெஸ் பட்டனை அழுத்தியது என் விரல்தான்.

கப்பலில் பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குத் தங்கத்தின் அணு எடை, ஈயத்தின் அணு எடை எல்லாம் காட்டினேன். அவர் மாயாபந்தரில் நெல் பயிரிடுகிறவர், மரியாதைக்காகத் தலையாட்டினார். பிறகு கிணறுகளின் சரிவையும் காட்டலாம் என்று பட்டியலைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பதினோரு பெயர்களும் இல்லை. அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், தங்கத்தின் அணு எடைதான் வந்தது.

திரும்பியதும் பதினோரு கிணறுகளையும் ஒருமுறை சோதித்தேன். அந்த வாரம் எல்லாமே எல்லைக்குள் இருந்தன. பழைய வாரங்களுக்கு என்ன செய்வது? மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போகும், எல்லாக் கிணற்றையும் சேர்த்தே மூடிவிடுவார்கள். பத்துக் கிணறுகளுக்கு எண்களை நானே உண்டாக்கினேன். அழகாக இறங்கி வரும் எண்கள். அதொன்றும் கஷ்டமாகவே இல்லை.

அமிர்தம் அக்காவின் கிணற்றுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு கிணற்றின் எண்கள் மட்டும் எனக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன. வாராவாரம் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னவை ஆயிற்றே. ஏறிய அந்த இரண்டு வாரங்களும் ஞாபகம் இருந்தன. பத்து இடத்தில் பொய் எழுதிய கை, ஒரு இடத்திலாவது யோக்கியனாக இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டது. உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மனம் லேசாகக்கூட இருந்தது. என்னைப் போன்ற ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பத்துக் கிணறுகள் திறந்தன. அக்காவின் கிணறு மூடல் பட்டியலில் வந்தது. அவர் பாட்டில் இல்லாமல் வெறுங்கையோடு கொட்டகைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், மனதுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

"மத்தவங்களது எல்லாம் பாஸாமே தம்பி?"

"ஆமாங்க்கா."

"எங்களுது அந்த ரெண்டு வாரத்தாலயா?"

"ஆமா."

"எல்லாருக்கும் கரெக்டாத்தான எழுதின?"

"கரெக்டாத்தான் எழுதினேன்."

"அப்ப டீக் ஹை, சரிதான். தண்ணி அப்படி இருந்தா நீ என்னா பண்ணுவ" என்றார். போகும்போது என் கறுத்த விரல்களைப் பார்த்து, எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்.

இரண்டு மழைக்காலம் போனதும் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளெல்லாம் தித்தித்தன. அதுவும் தித்தித்திருக்கும். இன்னும் ஒரு பொய், இரண்டே இரண்டு எண்கள், அவ்வளவுதான் தேவைப்பட்டது. என் ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பியபோது அக்கா கப்பல் துறைக்கு வந்து வழியனுப்பினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கப்பல் சங்கு ஊதிவிட்டது என்ற சாக்கில், சொல்லாமலே ஏறிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு வேலையாகக் கேம்பல் பே போக வேண்டி வந்தது. கொட்டகை இருந்த இடத்தில் ரோடு. அமிர்தம் அக்கா அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் நிலத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாழையும் புல்லும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கிணற்றின் வாய் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் தன் கிணற்றில் ஒரு வாளி இறைத்து எனக்குக் குடிக்கக் கொடுத்தார். நான் பொய்யாக எழுதித் திறந்துவிட்ட பத்தில் அதுவும் ஒன்று. நல்ல தண்ணீர். தாகமாக இருந்ததால் முழுவதையும் குடித்தேன்.